பட்டாளத்துச் சட்டைக்குப் போட்ட கஞ்சி

என் அன்பு மச்சான் கணபதிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே சரியும். இஸ்திரிப் பெட்டி பிடித்த கை பேனாவையும் அதே மாதிரி அழுத்துகிறது. இரண்டு இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. ஆனாலும் இது நானே எழுதியது. உன் தங்கையைக் கட்டியவன் இந்த வயதில் மட்டாஞ்சேரித் தமிழ் வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டான் என்றால் நம்புவாயா? இப்போது அரிசிச் சாக்கைக்கூட வாசிக்காமல் விடுவதில்லை. கடை வாசலில் நின்று சத்தமாக வாசிக்கிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள், எனக்கும் சிரிப்பு வருகிறது.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான் மச்சான். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீ பட்டாளத்தில் இருந்தவன், உன்னிடம்தான் கேட்க முடியும்.

நம் அருண் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். என் மகள் வள்ளியின் பையன், நீ கடற்கரை மணலில் ஓடவிட்டுப் பழக்கினாயே, அவன்தான். இப்போது நான்கு வருஷத்துக்குத்தான் எடுக்கிறார்கள். அது முடிந்ததும் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பென்ஷன் வாங்கிய உனக்கு இது புரியாது. எனக்கும் புரியவில்லை. தொழில் கைக்கு வரும்போது ஆளை அனுப்பினால் எப்படி?

போன மாதம் லீவில் வந்தான். சாயா குடித்துக்கொண்டே கேட்டேன்.

"துப்பாக்கி நல்ல கனமாடா?"

"துப்பாக்கி உண்டு தாத்தா. ஆனா என் பணி வேற. முதுகுல ஒரு பெட்டி, உள்ள ட்ரோன். அதைப் பறக்கவிட்டு ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அப்போ நீ சண்டைக்குப் போகல. டிவி பாக்கப் போற."

"போ தாத்தா! மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் பீடி பத்தவச்சாலும் தெரியும். அவங்ககிட்டயும் ட்ரோன் இருக்கு. அவங்களும் நம்மளப் பாப்பாங்க."

கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். உன் காலத்தில் மலை மேலே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவர உன்னையும் உன் கூட்டாளியையும் அனுப்பினார்கள். நீ மட்டும் திரும்பி வந்தாய். அதற்குப் பிறகு பல வருஷம் நீ அவன் பெயரை எங்களிடம் சொன்னதே இல்லை. இன்று அந்த வேலைக்கு மெஷின் போகிறது. அது விழுந்தால் எந்த வீட்டிலும் அழுகை இல்லை. நல்லதுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் அருண் கூட்டாளிகளைப் பார்க்க வைட்டிலாவுக்குப் போயிருந்தான். அவன் பையில் புது மாதிரிப் பட்டாளச் சட்டை ஒன்று கிடந்தது. பச்சையும் மண் நிறமுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். மெலிசான துணி, தொய்ந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நான் கஞ்சி போட்ட உன் சட்டையைத் தரையில் வைத்தால் தானாக நிற்க வேண்டும் உனக்கு. "பட்டாளத்துக்காரன் வர்றது தூரத்துலயே தெரியணும் மாப்ளே" என்பாய். சட்டையை எடுத்துக்கொண்டு நேராக நாங்கள் துணி வெளுக்கும் தோபிகானாவுக்குப் போனேன். கெட்டிக் கஞ்சியில் முக்கி, முறுக்குக் கயிற்றில் செருகிக் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்த்தேன். மடிப்பு கத்தி போல் நின்றது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் துணியையும் தேய்த்ததில்லை.

அருண் வந்து பார்த்தான். மடிப்பை விரலால் தடவினான். பிறகு, "அடிபொளி தாத்தா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினான். மலை மேலே போகிறோம், கொஞ்ச நாள் போன் இருக்காது என்று வள்ளியிடம் சொல்லியிருந்தான்.

நம் சந்தில் வர்கீஸ் சேட்டன் இருக்கிறார், அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். தேய்க்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எந்தா மூப்பரே இது! அதுக்குக் கஞ்சி பாடில்லா, இஸ்திரியும் கூடாது. ராத்திரிக் கேமராவுக்கு ஆளு தெரியாம இருக்க அந்தத் துணியில ஒரு மருந்து உண்டு. கஞ்சி போட்டா அது கெடும். ஆளு மினுங்கும்."

"மினுங்குமா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவைதானே, சாரமில்லா, பரவால்ல" என்றார். துணியை வாங்க மறந்து போய்விட்டார்.

பட்டாளத்துக்காரன் தெரிய வேண்டும் என்றுதானே மச்சான் இத்தனை காலம் கஞ்சி போட்டேன்? தெரிந்தால் செத்தான் என்று ஆகிவிட்டதே. அதை எனக்கு யாரும் சொல்லவில்லையே. பயிற்சியில் அருணுக்குச் சொல்லித்தான் இருப்பார்கள். கிழவன் மனசு நோகக் கூடாது என்றுதான் அவன் அதை மறைத்துவிட்டான். தெரிந்தவன், அங்கே போனதும் அலசியிருப்பான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தாத்தா தேய்த்தது என்று மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டிருப்பான் என்று மறு நேரம் தோன்றுகிறது. நீ அவனை வளர்த்தவன். அவன் எதைச் செய்வான், சொல்.

என் வாழ்க்கையின் முதல் கடிதத்தை அவனுக்கு எழுதிப் பட்டாள விலாசத்துக்குப் போட்டேன். சட்டையை எப்படி அலச வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். வள்ளியிடம் கடிதம் போட்டதை மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அப்பா, அவன் படிச்சது மலையாள ஸ்கூல்ல. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே!"

என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"திட்டக்கூட வாய் வரலப்பா" என்றாள். பிறகு போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். "பேசுங்க. சிக்னல் கிடைக்கும்போது கேப்பான்."

"அருணே, தாத்தாடா. அந்தச் சட்டையைப் போடாத. பச்சத்தண்ணியில ஊறவச்சு, வழவழப்புப் போற வரைக்கும் அலசு. மடிப்புப் போனாப் போகட்டும். கசங்கின சட்டையோட, யார் கண்ணுலயும் படாம வந்து சேருடா" என்றேன்.

அது அவனுக்குப் போய்ச் சேர்ந்தால் போனில் இரண்டு டிக் குறி விழுமாம். இன்று வரை ஒன்றுதான் இருக்கிறது. வள்ளி வேலைக்குப் போகும்போது போனை என்னிடமே விட்டுப் போகிறாள். எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலரில் போடட்டுமா என்று, இதுவரை எழுதியதைப் பார்த்த வகுப்பு டீச்சர் கேட்டார். போடுங்கள் என்றேன். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வேறு யாராவது படிக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு எழுதுவேன் மச்சான். இரண்டாவது குறி விழுந்தாலும் எழுதுவேன், விழாவிட்டாலும் எழுதுவேன். அதுவரை, அங்கே உன்னோடு இருக்கும் உன் தங்கையிடம் இதைச் சொல்லாதே. அவள் தாங்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் தங்கை புருஷன், அருணின் தாத்தா
மாடசாமி