கம்பு நிக்கிற இடம்

வைகாசி, திங்கள்

பெட்ரோலுக்கு கியூ நின்னு, கொழும்புல சனாதிபதி வீட்டுக்குள்ள சனம் பூந்த வருசத்துக்கு அடுத்த வருசம் இது. காலையில இருந்து தூத்தல். எனக்கு எழுத்து தெரியாது. மகன் தந்த போன்ல மைக்கை அமுக்கிப் பேசுறேன், அதுவே எழுதிக்குது. வாசிச்சுப் பாக்கவும் தெரியாது. நல்லதுதான்.

நோட்டன் ஊர்ல, எனக்கு எதுக்க நின்னு கம்பு சுத்துன கருப்பையாவுக்குக் கருமாதி முடிஞ்சுது. எங்க செட்டுல மத்தவங்க எப்பவோ போயிட்டாங்க. எதுக்க நிக்க இனி ஆள் இல்ல.

கோயில் தலைவர் வந்தார். "தாத்தா, திருவிழாவுக்கு சிலம்பப் போட்டி வைப்போம். கப் இருக்கு."

"நம்ம ஆட்டத்துல ஜெயிக்கிறது கெடையாது தம்பி."

"அப்ப கப்பை யாருக்குக் கொடுக்கிறது?"

"தேத்தண்ணி ஊத்திக் குடிங்க."

சிரிச்சார். "சரி, சும்மா ஆடிக் காட்டுங்க."

புதன்

வாங்க வேண்டியது: அரிசி, நெருப்புப்பெட்டி, முதுகுக்கு எண்ணெய்.

எங்க பழக்கம் இது. வேகமா வீசணும். எதுக்க நிக்கிற ஆள் தோளுக்கு ஒரு வெரல் முன்னால கம்பு நிக்கணும். பட்டுட்டா ரெண்டு பேருக்கும் அவமானம். கம்பைக் கீழ வெச்சிட்டு வெளிய போயிடணும். எதுக்க நிக்கிறவன் கண்ணை மூடக் கூடாது. நம்பி நிக்கிறான்ல.

தனியா வீசினா கை நிக்குதா இல்லையானு எப்படித் தெரியும்? கொடியில பழைய கோட்டை மாட்டி வீசிப் பாத்தேன். கோட்டு ஆடுச்சு. காத்தா, கம்பா? கோட்டு சொல்லாது.

வெள்ளி

கந்தப்பளைக்கு பஸ். நிக்க எடமில்ல. கண்டக்டர் சிங்களத்துல தாத்தானு கூப்பிட்டு, "சீயா, கம்புக்கும் டிக்கெட் எடுங்க." பஸ்ஸே சிரிச்சுது.

கருப்பையா தங்கச்சி செவனம்மா அங்க மக வீட்டுல இருக்கா. கொமரியா இருந்தப்ப, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால அண்ணன் பழக எதுக்க நின்னவ. பொம்பளைன்னு சபையில ஆட விடல.

"என்னண்ணே, கம்பு நிமிந்து நிக்குது, நீங்க வளைஞ்சிட்டீங்க!"

வந்த காரியம் சொன்னேன். கை நிக்குதானு தெரியணும். நிக்கலேன்னா திருவிழாவுல ஆட மாட்டேன்.

மக உள்ள இருந்து, "அம்மா, எலும்பு ஒடைஞ்சா யாரு பாக்கிறது?"

"நீ அடுப்பைப் பாரு."

சேலையைச் சொருகிட்டு வாசல்ல வந்து நின்னா. கண்ணை மூடல. வீசினேன். தோள்ல படல.

"நிறுத்திட்டீங்கண்ணே. அப்படியே இருக்கு கை."

தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்.

சனி

நல்ல மழை. ஆடலைனு தலைவர்கிட்ட சொல்லியாச்சு.

நேத்து கம்பு நிக்கல. அவ கால்தான் பின்னால போச்சு, சத்தமில்லாம. பாத்தேன். கண்ணை மூடாம வீச்சை அளந்து, பட்டா எனக்கு அவமானம்னு வெலகிக்கிட்டா. மொகத்துல ஒண்ணும் காட்டல.

இந்த ஆட்டம் முழுசாத் தெரிஞ்சு உசிரோட இருக்கிறது இனி ஒரே ஆள்தான். செவனம்மா.