தோல் கட்டிய மணிகள்

2016 மே 2, திங்கள்

விடுமுறை. மழை இல்லை என்பதே விசேஷம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். நாயோடு நடந்துவிட்டு வந்த என் கணவன் யோரிஸ், "கிளிஃப் வீட்டு ஜன்னல்ல போஸ்டர் ஏறியாச்சு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. மாலையில் பால் வாங்கப் போவதுபோல் போய் நானே பார்த்தேன். 'வெளியேறுவோம்.' ஜெரேனியம் தொட்டிக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி.

கிளிஃப்! இந்த ஊர்த் தேவாலயக் கோபுரத்தில் மணி அடிக்கும் எங்கள் குழுவுக்குத் தலைவர். இருபது வருஷத்துக்கு முன்னால் யோரிஸ் ஹாலந்திலிருந்து இங்கே வந்தபோது அவனோடு முதலில் வந்து பேசியவர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்கிறாரே, வெளியேறும்போது எங்கள் வீட்டிலிருந்து யாரைக் கூட்டிப்போவதாக உத்தேசம்?

அடுத்த மாத வாக்கெடுப்புக்கு வாக்காளர் அட்டை ஒன்றுதான் வந்திருக்கிறது. என் பெயருக்கு. உள்ளூர்த் தேர்தலுக்கு யோரிஸுக்கும் அட்டை வரும், இதற்கு வராது; அவன் இன்னமும் டச்சுக் குடிமகன். அவனைப் பற்றிய கேள்வி, அவனைக் கேட்கமாட்டார்கள்.

மே 11, புதன்

மணிப் பயிற்சி. எங்கள் கோபுரத்தில் ஆறு மணி, ஆறு கயிறு, யோரிஸையும் சேர்த்து ஆறு பேர். பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்த்துத்தான் நம் கயிற்றை இழுக்க வேண்டும். இன்று நான் கைகளைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறை தவறிவிட்டது.

"ரெண்டாம் மணி! எங்க போச்சு ரெண்டாம் மணி? தூங்கிட்டியா ஆலிசன்?" கிளிஃப் கத்தினார்.

பிறகு வழக்கம்போல் பப். கிளிஃப் தன் கிளாஸை யோரிஸின் கிளாஸ்மேல் தட்டினார். "உன்னைச் சொல்லலப்பா. நீ நம்ம ஆளு."

"அப்ப யாரைச் சொல்றீங்க?"

"பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்துகிட்டு வெள்ளரிக்காய் எவ்வளவு வளையலாம்னு அளக்கறானே, அவனை."

"அவனை எனக்கும் பிடிக்காது. ஆனா அவன் பெல்ஜியத்துக்காரன்."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 'நம்ம ஆளு' என்பதையே மென்றுகொண்டு வந்தேன். ஒருவனை நம்ம ஆள் என்று சொல்ல முடிந்தவர், வேறொரு நாள் இல்லை என்றும் சொல்லலாம் அல்லவா?

மே 17, செவ்வாய்

வெண்டியின் ஜன்னலில் எதுவும் இல்லை. பள்ளியில் என்னோடு பாடம் நடத்துகிறவள், கோபுரத்தில் என் பக்கத்துக் கயிறு, பதினைந்து வருஷத்துத் தோழி. எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்பவள். இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

'இருப்போம்' என்றால் மறைக்க என்ன இருக்கிறது?

மே 29, ஞாயிறு

கொட்டகையில் யோரிஸ் போனில் பேசிக்கொண்டிருந்தான், டச்சில். நான் வாசலில் நின்றதும் குரல் தாழ்ந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அண்ணன் பீட்டராம். ஹாலந்தில், சேலந்துப் பக்கம், கண்ணாடிக் கூரைத் தோட்டம் வைத்திருக்கிறார், தக்காளி. பம்பு, குழாய் எல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்கிறாராம்.

"நீ என்ன சொன்னே?"

"ஓட்டு முடியட்டும், பாக்கலாம்னேன்."

பாக்கலாம். இந்தத் தாழ்நிலத்து ஓடைகளின் பம்புகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன் அவன். அவனுடைய நாட்டு டச்சுக்காரர்கள் இல்லாவிட்டால் எங்கள் வீடு நிற்கும் இடம் இன்னமும் சதுப்பாகத்தான் இருக்கும். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வந்து வெட்டிய வாய்க்கால்கள். வகுப்பில் வருஷாவருஷம் நடத்துகிறேன். இந்த வருஷம் நடத்தியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

அவன் போய்விடுவானா? இதை எழுதியே ஆக வேண்டும்: எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 4, சனி

இறைச்சிக் கடைக்காரர் யோரிஸுக்கு மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேடையில் வைத்தார். எனக்குக் கையில் தந்தார்.

ஜூன் 9, வியாழன்

கேட்டேவிட்டேன். ஆசிரியர் அறையில், தேநீர் ஊறிக்கொண்டிருந்தது.

"வெண்டி, நீ எதுக்குப் போடப் போறே?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் அவளுடைய சம்பளத்தையோ எடையையோ கேட்டுவிட்டதுபோல. "என்னடி இது, இதெல்லாமா கேப்பாங்க? எங்கம்மா எதுக்குப் போட்டாங்கன்னு எங்கப்பாவுக்கே தெரியாது, சாகிற வரைக்கும்."

"எனக்குத் தெரியணும்."

"எதுக்கு?"

பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

கேட்கக்கூடாது என்ற நாகரிகத்தைக் கண்டுபிடித்தவர்கள், எதையோ மறைக்க நினைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 16, வியாழன்

ஒரு எம்.பி.யைக் கொன்றுவிட்டார்கள். தெருவில் வைத்து. 'இருப்போம்' பக்கம் நின்றவர், சின்னக் குழந்தைகளுக்குத் தாய். தொலைக்காட்சியை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன்.

ஜூன் 19, ஞாயிறு

அந்தப் பெண்ணுக்காகத் துக்க மணி அடித்தோம். காலையில் கிளிஃபும் யோரிஸும் மேலே ஏறி ஒவ்வொரு மணியின் நாக்கிலும் ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டினார்கள். அப்படிக் கட்டினால் ஒரு அடி கணீரென்று விழும். அடுத்த அடி, வெகுதூரத்தில் யாரோ திருப்பிச் சொல்வதுபோல் மங்கிக் கேட்கும். சாவுக்கும் யுத்த நினைவு நாளுக்கும் மட்டும் செய்வது.

ஒருவரும் முறை தவறவில்லை. நான் இன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடிந்ததும் கிளிஃப் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். போஸ்டர் ஒட்டியவரும் அழுகிறார். அழுகை நிஜம்தானா என்று நினைத்தேன். நினைத்ததை எழுதியும் வைக்கிறேன்.

ஜூன் 22, புதன்

பயிற்சி இல்லை. வாக்குச்சாவடிக்காகக் கோபுரத்தின் அடியில் மேசை நாற்காலி போட்டுவிட்டார்கள்.

ஜூன் 23, வியாழன்

மழை. வரிசையில் பாதிப்பேர் சட்டைப்பையில் சொந்தப் பேனா வைத்திருந்தார்கள். சாவடியில் நூலில் கட்டித் தருவது பென்சில். பென்சிலில் போட்டால் உளவுத்துறை உட்கார்ந்து அழித்துவிடுமாம். வெளியேறுவோம் கட்சிக்காரர்களிடையே பரவியிருக்கும் பேச்சு. எனக்கு முன்னால் வெண்டி. கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்தாள். நீல நிறம், பள்ளிக்கூடத்துப் பேனா.

ஆக, தெரிந்துவிட்டது.

யோரிஸ் நாயைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே குடையோடு நின்றான். உள்ளே போன எல்லோரும் நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். நான் வெளியே வந்ததும், "சரியாப் போட்டியா?" என்றான். பிறகு மழைக்காகப் பம்புகளைப் பார்க்கப் போய்விட்டான்.

ஜூன் 24, வெள்ளி

வெளியேறுகிறோம்.

மதியத்துக்கு மேல் கிளிஃபும் குழுவில் இன்னும் இரண்டு பேரும் கோபுரத்துக்குப் போனார்கள். வெற்றி மணி அடிக்க. எங்களைக் கூப்பிடவில்லை. நான் பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் கிடந்தேன். முதல் அடி கணீரென்று விழுந்தது. இரண்டாவது — மங்கலாக, தூரத்திலிருந்து.

தோலைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டியது அப்படியே இருக்கிறது. வெற்றிக்கு அடித்த மணி ஊர் முழுக்க இழவு சொல்லியது.

யோரிஸும் நானும் ஓடினோம். கல்லறைத் தோட்டத்தில் ஏற்கெனவே கூட்டம். யாரோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "ராணி போயிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளிஃப் சிவந்துபோய் வெளியே வந்தார்.

"வேணும்னே விட்டுட்டே, இல்ல?" யோரிஸைப் பார்த்து. "எங்களை ஊரே சிரிக்கணும்னு. இப்படித்தான் நடக்கும்னு தெரிஞ்சு வச்சிருந்தே."

"கிளிஃப், நீங்கதானே கழட்டறேன்னீங்க."

"நானா? நீதான் சொன்னே!"

"நான் ஜெயிப்பீங்கன்னே நினைக்கலையே. பிறகு எப்படி ப்ளான் போடுவேன்?"

அதற்குச் சிலர் சிரித்துவிட்டார்கள். கிளிஃப் சிரிக்கவில்லை. "இனிமே மேல ஏறாதே" என்றார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். ஏன் பேசவில்லை?

வீட்டுக்கு வந்தோம். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக எல்லோரையும் பார்த்த அதே கண்ணால் அவனையும் பார்த்தேன் போலிருக்கிறது. வாய் தானாகக் கேட்டது:

"நிஜமாவே மறந்துதான் போனியா?"

அவன் ஒரு பூட்ஸோடு அப்படியே இருந்தான். பிறகு மெதுவாக, "என் நெஞ்சுலயும் போஸ்டர் ஒட்டியிருக்கான்னு பாக்கறியா, ஆலிசன்?"

இன்னொரு பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஜூன் 25, சனி

வெண்டி வந்தாள். ஈரக் குடையைக்கூட மடக்கவில்லை, வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"கிளிஃப் வீட்டிலிருந்து வரேன். நல்லா கொடுத்தேன். போன ஞாயித்துக்கிழமை மணி அடிச்சு முடிச்சதும் நான் கயிறு சுருட்டிக்கிட்டு அங்கதான் நின்னேன். யோரிஸ், 'உங்க முழங்காலை வச்சுக்கிட்டு வேண்டாம், நான் ஏறறேன்'ங்கறான். கிளிஃப், 'உன் முதுகை வச்சுக்கிட்டு வேண்டாம், நான் பாத்துக்கறேன்'ங்கறார். 'இல்லல்ல நான்', 'சேச்சே நான்'னு அஞ்சு நிமிஷம். கடைசில ரெண்டு பேரும் 'சரி, தேங்க்ஸ்'னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டாங்க. அவரவருக்கு மத்தவர் ஏறப்போறார்னு நினைப்பு. மரியாதை பாத்தே நாசமாப் போற ஊரு இது!"

"கிளிஃப் நம்பினாரா?"

"நம்பாம? அவரே ஒத்துக்கிட்டார். பம்பு ஹவுஸுக்குப் போயிருக்கார், யோரிஸைப் பாக்க."

குடையிலிருந்து தண்ணீர் என் தரையில் சொட்டியது. "வெண்டி, நீ—"

"ஆமாடி. வெளியேறணும்னுதான் போட்டேன். பேனாவால. இப்ப தெரிஞ்சிடுச்சா? யோரிஸ் பொய் சொன்னான்னு ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோணலை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் போனபிறகு வெகுநேரம் தரையைத் துடைத்தேன்.

ஜூன் 26, ஞாயிறு

யோரிஸும் கிளிஃபும் சேர்ந்தே மேலே ஏறித் தோலைக் கழற்றினார்கள். இறங்கும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் யோரிஸ் சிரிப்பை நிறுத்தவில்லை. சிரிப்பு தானாக நின்றது.

ஜூலை 3, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றான். இந்த ஊரில் கற்றுக்கொண்ட பரவாயில்லை. எதையும் மன்னிக்காத, எதையும் முடிக்காத பரவாயில்லை.

ஜூலை 28, வியாழன்

பீட்டர் மறுபடியும் கேட்டாராம். போகிறேன், அறுவடை முடியும் வரைதான் என்கிறான். தற்காலிகம்.

"ஓட்டுனாலதானே?"

"ஓட்டை விடு. அதை எப்படியோ சமாளிச்சிருப்பேன்."

மீதியை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒரே இடத்தில் நாகரிகம் வந்துவிட்டது.

செப்டம்பர் 7, புதன்

ஹார்விச் துறைமுகத்திலிருந்து அவனுக்குக் கப்பல். நாயை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது நல்ல அறிகுறி என்று வெண்டி சொல்கிறாள். குளிர்காலத்துக் கோட்டை எடுத்துப்போயிருக்கிறான். அதை அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19, புதன்

பயிற்சி. யோரிஸின் பெரிய மணியைக் கிளிஃபே அடிக்கிறார், ஐந்தே மணிதான். இடைவேளையில் மூச்சுவாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க மணியை மெஷின் அடிக்குதாம். கயிறே கிடையாதாம். பாவம், கை அரிக்குதுங்கறான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன்ல இதே புலம்பல்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையுமா? என்னோடு பேசுவது வெள்ளிக்கிழமை. நாய் சாப்பிட்டதா, கொதிகலன் சரியாக ஓடுகிறதா, அவ்வளவுதான்.

"நல்லா பேசுவான், நான் திட்டினாலும்" என்றார் கிளிஃப். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே, "என்ன, அந்த வேலையை நிரந்தரமா ஒத்துக்கிட்டான், அதுதான் கஷ்டமா இருக்கு. நீயும் பள்ளிக்கூட வருஷம் முடிஞ்சதும் போயிடுவே. நாலு பேரை வச்சுக்கிட்டு நான் என்னத்த அடிப்பேன்?"

நான் கயிற்றின் கம்பளிப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்கிட்ட சொல்லிட்டான்தானே?" என்றார் கிளிஃப். குரலில் தயக்கம்.

சொல்லிவிட்டான் என்றேன்.