எனக்காக நீ திட்டு

அக்கா, கள்ளக்குறிச்சியில் முட்டியை மடக்கிப் பழக்கும் அறைக்குள் இன்று நுழைந்ததும் வலித்தைல வாசனை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைப்புதான். நான் ஸ்கூட்டியோடு விழுந்ததில் என் காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் முட்டி மடங்காவிட்டால் அப்படியே இறுகிவிடுமாம். அப்புறம் எங்கே பஸ் படி ஏறி வேலைக்குப் போவது?

உளுந்தூர்பேட்டை ஓட்டலில் நீ மாவாட்டினாய், நான் கல்லாவில் இருந்தேன். சூடு பட்டாலும் விரல் நசுங்கினாலும் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வாய். எனக்குக் காது கூசும். "அழுதா வலி ஜாஸ்தியாவும், திட்டுனா கம்மியாவும்" என்பாய்.

ஓர் ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தாய். அதை அவிழ்க்கும்வரை தப்பு வார்த்தை வாயில் வரக்கூடாது. அந்த நேரம் பார்த்து ஈரத்தரையில் வழுக்கி, தோள்மூட்டு இறங்கிவிட்டது. வலித்தைலம் தடவி எலும்புக்கட்டுப் போடுபவர் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். பள்ளத்துக்குப் பள்ளம் உதட்டைக் கடித்தாய்.

"முடியலடி. எனக்காவ நீ திட்டு."

"நாயே," என்றேன்.

"இதெல்லாம் ஒரு திட்டாடி? நேத்து சிலிண்டர்காரன நான் இன்னா சொன்னேன்? அதச் சொல்லு."

கட்டுப் போடுபவர் உன் தோளை இழுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொன்னேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவர் முறைத்தார். மூட்டு ஏறிவிட்டிருந்தது. நீ கண்ணீரோடு சிரித்தாய். "வலி இருந்துச்சுடி. ஒன் மூஞ்சப் பாத்துதான் மறந்தேன்."

போன வருஷம் ஆஸ்பத்திரியில், கடைசியில், உன் வாயில் குழாய் இருந்தது. வலிக்கிறது என்றுகூட உன்னால் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய். எனக்குப் புரிந்தது. குனிந்து உன் காதில் அதே வார்த்தையைச் சொன்னேன். உன் பிடி இறுகியது. வெளியே வந்துதான் அழுதேன்.

இன்று பயிற்சி கொடுக்கும் பெண் முட்டியை அழுத்தினாள். பல்லைக் கடித்துப் பார்த்தேன், முருகா என்றும் பார்த்தேன். பிறகு உன் வார்த்தையை அறைக்கே கேட்கும்படி சொன்னேன். அந்தப் பெண் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"ஒன்ன இல்லம்மா. நீ அழுத்து," என்றேன்.

நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மடங்கியது.

எனக்காகத் திட்ட நீ இல்லாதது வலிக்கிறது, அக்கா. அதற்கு மட்டும் எந்த வார்த்தையும் உதவவில்லை. ஆனாலும் நாளைக்குப் போவேன். முட்டி மடங்குகிறவரை போவேன்.