பாச்சை உருண்டையும் ஒரு நொதியும்

6 பிப்ரவரி 2024, விழுப்புரம்

இரத்த அழுத்தம் 134/82. நடை நாற்பது நிமிடம்.

மகள் காயத்ரிக்குப் பையன் பிறந்து நாலு நாள். இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனத்தில் உள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா இல்லையே. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. "உங்க பழைய வேட்டிய குடுங்கண்ணே, உங்க ஆயுசு அவனுக்கு வரட்டும்" என்று சம்பந்தி அம்பிகா கேட்டிருந்தார். பெட்டியிலிருந்து ஆறு வேட்டிகளை எடுத்து, ஸ்கேல் வைத்து ஒரே அளவாகக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாச்சை உருண்டை நெடி. துவைத்திருக்க வேண்டுமோ? "வாசமாத்தான இருக்குது" என்றார்.

9 பிப்ரவரி

பிள்ளைக்கு மஞ்சள். மறுபடி ஆஸ்பத்திரி, நீல விளக்கு. "மூத்திரம் டீத்தண்ணி கலர்ல போவுதுப்பா" என்று காயத்ரி போனில் அழுதாள்.

எனக்கும் ஒருமுறை அப்படிப் போயிற்று. இருபத்திரண்டு வயதில், மலேரியா மாத்திரை சாப்பிட்டபோது. சூடு என்றார்கள்.

முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் நொதிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்றொரு நொதி. தான் செலவாகாமல் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும். அணு துருப்பிடிக்காமல் இருக்கத் தேவையானதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. நொதி தேய்ந்தால் புதிதாகச் செய்ய வழியில்லை. கொண்டுவந்ததை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். அந்த நொதி மட்டமாக அமைந்தவர்களுக்குப் பாச்சை உருண்டை விஷம். அணுக்கள் உடையும். உடைந்ததுதான் மஞ்சளாகிறது.

இதெல்லாம் தெரிந்தவன்தானே வேட்டியைக் கிழித்தான்?

10 பிப்ரவரி, திண்டிவனம்

டாக்டர் பிரான்சிஸ் முன்னால் மூன்று தடவை வாயைத் திறந்து மூடினேன். "மாமா ஏதோ சொல்ல வர்றாரு டாக்டர், பெல் அடிக்கறதுக்குள்ள கேட்டுக்கங்க" என்றான் மருமகன் சுகுமார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொல்லிவிட்டேன். டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். துணிகள் வெளியே போயின. நொதிப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, அப்புறம் பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்கள்.

13 பிப்ரவரி

அறிக்கை: நொதி இயல்பான அளவு. மஞ்சள் இறங்குகிறது.

"வேட்டி மேல வீணா பழிய போட்டீங்களேண்ணே. மீதித் துணி என் பொட்டில பத்திரமா இருக்குது. வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கலாம்" என்றார் அம்பிகா. நான் தலையாட்டினேன். இன்னா மனுஷன்டா நீ.

பஸ்ஸில் யோசித்தேன். உடைந்தவை வயதான அணுக்கள். அவற்றில்தான் நொதி தேய்ந்திருக்கும். தப்பித்தவை இளசு, நொதி மிச்சமிருக்கும். சோதித்தது தப்பித்தவற்றை. தோற்ற பையன்களை அனுப்பிவிட்டுத் தேர்ச்சி சதவீதம் எடுத்த மாதிரி.

ஏற்றியது வேறு யாரோ ஒருவரின் இரத்தம்; அது கலந்திருக்கும்வரை, மூன்று மாதத்துக்குப் பிள்ளையின் இரத்தத்தைக் கேட்டுப் பயனில்லை. என் இரத்தத்தைக் கேட்கலாமே? ஆணுக்கு இக்குறை இருந்தால் மகளுக்குக் கட்டாயம் போகும். மகளிடமிருந்து பேரனுக்குப் போகலாம்.

14 பிப்ரவரி, விழுப்புரம்

இரத்தம் கொடுத்தேன். "இது பாப்பாங்களுக்கு எடுக்கற டெஸ்டு தாத்தா" என்றது லேப் பெண். "பரவால்ல எடும்மா."

17 பிப்ரவரி

இருக்க வேண்டிய நொதியில் கால் பங்குகூட எனக்கு இல்லை.

வேட்டியும் என்னுது, குறையும் என்னுது. வெட்கப்பட வேண்டியவன் — ஏன் இவ்வளவு தெம்பாக இருக்கிறது? நினைத்தது சரி. சரியேதான்.

மதியமே திண்டிவனம். டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "பிள்ளைக்கும் இருக்குதுன்னே வெச்சிக்கலாம் சார். மே மாசம் திரும்பப் பாப்போம்." அம்பிகாவிடம் போய், "பெட்டியத் திறங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே துணிகளை அள்ளி வெளியே போட்டார். "இத அன்னிக்கே இப்படி அழுத்திச் சொல்றதுக்கின்னா?"

19 மார்ச்

பிள்ளை 4.6 கிலோ. காயத்ரி கோபமில்லை என்கிறாள். நம்பலாமா?

21 மே

மறுபரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்கும் குறைவுதான். ஆகாத மருந்துகளின் பட்டியலைக் காயத்ரி சுவரில் ஒட்டிவிட்டாள். "உங்களுக்கு யார்கிட்டருந்துப்பா வந்துது?" என்றாள். என் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும். அப்படியானால் என் தங்கை பவுனுக்கும் இருக்கலாம். வானூரில் அவள் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

போன் செய்தேன். "இன்னாண்ணே, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பதறினாள். நான் சாவுக்குத்தான் போன் செய்வேன் என்று நினைப்பு. எல்லாவற்றையும் சொல்லி, பெட்டியில் வைத்த பழந்துணி வேண்டாம் என்றேன்.

"புதுத்துணி போட்டா ஊர்ல நாலு பேரு பேசுவாங்களேண்ணே."

"பேசினா எங்கண்ணன் சொன்னாருன்னு சொல்லு. என் நம்பர குடு."