கழிப்பறைக் கதவு மூடியிருந்தவரை

அலபாமா,
நன்றித் திருநாள் கழிந்த ஞாயிறு

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் தொண்டையைத் தவிர. அது நேற்றைய கால்பந்து ஆட்டத்தோடு போய்விட்டது; அங்கே காலால் உதைப்பது அல்ல, கையில் பந்தோடு ஓடும் நம் ஊர்க் கால்பந்து. நார்வே குளிரில் கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை, போடு. யார் ஜெயித்தது என்று நீ பார்த்திருப்பாய், ஆனால் எப்படி என்பது எந்தச் செய்தியிலும் வராது.

உன் தங்கை ஜோலீன், தான் கட்டிக்கொள்ளப்போகும் கர்டிஸை முதல்முறையாக நன்றித் திருநாள் விருந்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தாள். கால்நடை மருத்துவன், நல்ல பையன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். ஒரே குறை, நம் அணிக்குப் பரம எதிரியான, ஆற்றுக்கு அக்கரைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். தடுத்து ஆடுவதுதான் ஆட்டம் என்று முப்பது வருடமாகச் சொல்லும் அப்பாவுக்கு, பந்தை எறிந்து எறிந்தே புள்ளி குவிக்கும் அந்தக் கூட்டத்தைக் கண்டால் ஆகாது என்பது உனக்குத் தெரியாததா. பந்தையே கையில வச்சிருக்கத் தெரியாம காத்துல விட்டெறியற பய, எம்பொண்ண பத்திரமா வச்சுக்குவானாக்கும் என்று வான்கோழியை அறுத்தபடியே கேட்டார். கையில் கத்தி இருந்ததால் கர்டிஸ் தட்டை மட்டும் நீட்டினான். சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும், அப்புறம்தான் கல்யாணப் பேச்சு என்று முடித்துவிட்டார். ஜோலீன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று பாதி ஆட்டத்துக்குள் அக்கரைக்காரர்கள் எறிந்தே இருபத்தொரு புள்ளி எடுத்துவிட்டார்கள், நாம் ஒன்றுமில்லை. சார், உங்க ஆளுங்க தடுக்கறாங்களா, இல்ல வழி விடறாங்களா என்று கர்டிஸ் வேறு கேட்டுவைத்தான். பிறகு அவன் கழிப்பறைக்குப் போனான், நம் பையன்கள் அவர்கள் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தார்கள். வந்து உட்கார்ந்தான், அக்கரைக்காரர்கள் மளமளவென்று முன்னேறினார்கள். என் மிளகாய்க் கறியின் புண்ணியத்தில் மறுபடி போனான், மறுபடி பறித்தார்கள். அவன் வெளியே வந்ததும் அப்பா எழுந்து நின்று, தம்பி, நீ உள்ளயே இருந்துடு என்றார். அப்பா, அவர் மனுஷன், தாயத்து இல்ல என்று ஜோலீன் கத்தினாள். இரண்டு முறை நடந்தது ஆதாரம் ஆகாது என்று நான் சொன்னேன். உன் புள்ளியியல் பாடத்த திங்கக்கிழமை காலேஜ்ல வச்சுக்க என்றார். கர்டிஸ் ஜோலீனின் முகத்தைப் பார்த்தான். ஜெயிச்சா கல்யாணம் உண்டா சார் என்று கேட்டான். உண்டு என்றார். கறிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தன் அணி தோற்பதை, பாவம், எங்கள் கூச்சலை வைத்தே தெரிந்துகொண்டிருந்தான்.

கடைசி நொடிகளில் நாம் ஒரு புள்ளி முன்னால், பந்து அவர்கள் கையில், நம் எல்லைக்கோட்டுக்கு வெகு அருகில். எல்லோர் கண்ணும் டிவியில். நான் தண்ணீர் எடுக்கப் போனவள், கழிப்பறைக் கைப்பிடி திரும்புவதைப் பார்த்தேன். தற்செயல் வேறு, காரணம் வேறு என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான். கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். அவர்கள் எறிந்த பந்து நம் பையன் ஒருவனின் விரலில் பட்டுத் தரையில் விழுந்தது, நேரமும் முடிந்தது, ஜெயித்துவிட்டோம்.

மே மாதம் கல்யாணம். அப்பா கர்டிஸை ஆறு முறை கட்டிப்பிடித்தார், ஒவ்வொரு நவம்பரும் வந்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை. அடுத்த வருடமாவது உள்ளே ஒரு சின்ன டிவி வைக்கலாமே என்று ஜோலீன் கேட்டாள். வேண்டாம் என்று எல்லோருக்கும் முந்திச் சொன்னது நான்தான். அவன் பார்க்காததும் காரணமாக இருக்கலாம், சோதிக்காமல் எதையும் மாற்றக்கூடாது.

கடவுள் உன்னை நல்ல புத்தியோடும் சூடான கால்களோடும் வைத்திருக்கட்டும். மே மாதத்துக்கு இப்போதே விடுப்பு சொல்லிவை. கதவு விஷயம் கர்டிஸுக்குத் தெரியாது, பூட்டு இறுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அப்படியே நினைக்கட்டும்.

உன்
அம்மா