காலிக் கிடங்கில் உன் அப்பா

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் தம்பிக்குச் சளி, அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டிய சேதி. அவர் வேலையை விடப் பார்க்கிறார், விடக் கூடாது. உனக்குத் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார், நான் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது அவர் சட்டையில். கிடங்கிலிருந்து வருகிற சட்டை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அட்டைப்பெட்டித் தூசியும் உதிரி பாகங்களின் கிரீஸும் அப்பி, தனி வாளியில் ஊறப் போட்டால்தான் போகும். கொஞ்ச நாளாகப் போட்ட மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் வேலை ஜாஸ்தி என்கிறார். வேலை ஜாஸ்தியான மனுஷனுக்குக் காலர் வெள்ளையாக இருக்குமா. கிடங்குப் பையன்களைத் திட்டாமல் சோற்றில் கை வைக்காதவர், இப்போது ஒருத்தனையும் திட்டுவதில்லை. இந்த வயதில் எவளாவது இருக்கிறாளோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், சிரிக்காதே, அப்புறம் அவர் மூஞ்சியைப் பார்த்தேன், ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருகிற மூஞ்சியா அது. சரி, வேலை போய்விட்டது, சொல்லாமல் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டினேன். ஆனால் சம்பளம் ஒழுங்காக வந்தது, அதை ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், எவனிடம் கைமாற்று வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கிறாரோ என்று.

போன வாரம் அவருடைய மூக்குக் கண்ணாடியை நானே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அதைக் கொடுக்கிற சாக்கில் கிடங்குக்குப் போனேன். வாசலில் இருந்த காவலாளி, சார் உள்ளதான் இருக்காரு, வேற எங்க போவாரு என்றான், அவன் சொன்ன தினுசே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. அலமாரிகளைப் பெயர்த்த இடத்தில் தரையில் கோடு கோடாகத் தடம், கோடியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. உன் அப்பா பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்க அங்கே ஒரு தூசி கிடையாது, நிலைக்கண்ணாடி மாதிரி இருக்கிறது தரை. என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபம் மாதிரி காட்டிக்கொண்டேன்.

சரக்கும் பையன்களும் புதுக் கட்டடத்துக்குப் போய் ரெண்டு மாதம் ஆகிறதாம். சின்ன முதலாளி வந்து, நீங்க இங்கயே இருங்க, சம்பளம் அது பாட்டுக்கு வந்துரும், ஒண்ணும் செய்ய வேணாம் என்று தேனொழுகச் சொல்லிவிட்டுப் போனானாம். ஆனால் காலையில் நேரத்துக்கு வர வேண்டும், சாயங்காலம் வரை நகரக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. ஒன்றுமில்லாததைக் காவல் காக்க இத்தனை சட்டம் எதற்கு என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. உன் அப்பா வெள்ளந்தி, வீட்டுக்கு வந்ததும், சும்மா உக்காந்துட்டுக் கை நீட்டி வாங்கக் கூசுது, மாசக் கடைசியில சொல்லிட்டு வந்துடறேன் என்கிறார்.

நான் விடுவேனா. மறுநாளே போய்க் காவலாளியின் வாயைப் பிடுங்கினேன். இதற்கு முன்னால் கணக்கரையும் இப்படித்தான் ஒரு காலி அறையில் உட்கார வைத்தார்களாம், ஒரு மாதம் தாங்கவில்லை, போதும் சாமி என்று எழுந்து போய்விட்டாராம். அவர்களாக நிறுத்தினால் இத்தனை வருஷத்துக்கும் கணக்குப் போட்டு நஷ்ட ஈடு கொடுத்தாக வேண்டும், தானாகப் போகிறவருக்கு அது கிடையாது. அதுதான் சங்கதி. கூச்சம் இருக்கிற ஆளாகப் பார்த்து உட்கார வைக்கிறார்கள், கூச்சமே அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும் என்று தெரியும். வந்து சொன்னேன், சின்ன முதலாளி அப்படிப்பட்ட புள்ள இல்ல, நீ எல்லாத்தையும் தப்பாவே பாப்பே என்று என்மேலேயே பாய்கிறார். ராத்திரி சாப்பாட்டின்போது, சரி, விடல, வேலைக்குப் போறேன் என்றார். போகிறார். ஆனால் அந்த வார்த்தையை நான் நம்பவில்லை, தினமும் கதவைத் திறக்கும்போது அவர் மூஞ்சியைத்தான் முதலில் பார்க்கிறேன், இன்றைக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டாரோ என்று.

இதை எழுதிக்கொண்டு வரும்போதே இன்னொன்று மனசில் நெருடுகிறது, கேட்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. முன்னெல்லாம் நீ மாடிப்படியில் நின்று பேசுவாய், பாதிப் பேச்சில் யாரோ கூப்பிட, அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், நான் உன்னைத் திட்டுவேன். இப்போது உன் ஊரில் நல்ல வேலை நேரத்தில் கூப்பிடுகிறாய். நான் வைக்கிற வரைக்கும் வைப்பதில்லை. தம்பியின் சளிக் கதையை முழுசாகக் கேட்டு எந்த மருந்து, எத்தனை வேளை என்று விசாரிக்கிறாய். உன் பின்னால் ஒரு சத்தமும் இல்லை, உன்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. வேலை எப்படி என்றால், நல்லா போகுதும்மா என்கிறாய், அந்தக் குரலை நான் ரெண்டு மாதமாக வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னையும் உட்கார வைத்துவிட்டார்களா கண்ணு?

இல்லை என்றால் சந்தோஷம், அம்மாவுக்கு வேறு வேலையில்லை என்று திட்டிக்கொள். ஆமாம் என்றால் எனக்குப் பதில் எழுதாதே, அப்பாவுக்கு எழுது. நான்தான் போட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஆத்திரப்படத்தான் தெரியும், அந்த நாற்காலியில் ஒரு பகலை எப்படித் தள்ளுவது என்று அவருக்குத்தான் தெரியும். நீ கேட்டால் சொல்லித்தருவார். உனக்குச் சொல்லித்தருவதற்காகவாவது நாளைக்கும் போவார்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும். அந்தக் கடைவாய்ப் பல்லைப் போய்க் காட்டு, தள்ளிப் போடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா