ஒரு கிருமியை மட்டும் பார்த்துவிட்டுக் குத்திய 'நோய்த்தொற்று இல்லை' முத்திரை குறித்து

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
மழலையர் பள்ளி மாணவியின் தந்தை,
தற்போது: அரசு மருத்துவமனை, குழந்தைகள் வார்டு வாசல் பெஞ்சு.

பெறுநர்:
நகர சுகாதார அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சளிக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஃப்ளூ கிருமியை மட்டும் சோதித்துவிட்டு, எந்தத் தொற்றுமே இல்லை எனச் சான்று வழங்கியது – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் முதலில் எழுதிய மனுவை என் மனைவி கிழித்துப் போட்டுவிட்டாள். "இப்படித் திட்டி எழுதினா யாருங்க படிப்பாங்க? மரியாதையா எழுதுங்க" என்றாள். ஆகவே இதை மரியாதையாகவே எழுதுகிறேன்.

1. எங்கள் மகளுக்கு நான்கு வயது. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் வீட்டில் 'வாலு' என்றே பெயர். அவள் தம்பி குறைமாதத்தில் பிறந்தவன், இன்னும் இரண்டு மாதம் நிரம்பவில்லை. இந்தக் குளிரில் வாலுவுக்கு மூக்கொழுகல், இருமல், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தன. அவளைத் தம்பி பக்கமே விடாமல் வேறு அறையில் வைத்திருந்தோம். காய்ச்சல் விட்டதும், ஃப்ளூ பரவும் காலம் என்பதால் சுகாதார நிலையத்தின் சான்று இல்லாமல் சேர்க்க முடியாது எனப் பள்ளியில் கூறிவிட்டார்கள். அதில் எங்களுக்குக் குறையில்லை.

2. சுகாதார நிலையத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். ஃப்ளூ இல்லை என்று வந்தது. "இன்னும் மூக்கு ஒழுகுதுங்க, வீட்டுல கைக்குழந்தை வேற இருக்கு" என்று என் மனைவி தயங்கினாள். "அதான் ஃப்ளூ இல்லைன்னு வந்துடுச்சே, அப்புறம் என்னம்மா பயம்?" என்று கூறிய ஊழியர், 'நோய்த்தொற்று இல்லை' என்ற வட்ட முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தார்.

வாலு அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி, "எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சீல் குத்திட்டாங்க!" என்று வீடெல்லாம் ஓடினாள். நாங்களும் நம்பினோம். தம்பியை அவள் மடியில் வைத்தோம், ஆசை தீர முத்தம் கொடுத்தாள்.

3. சில நாட்களில் தம்பி பால் குடிப்பதை நிறுத்தினான். மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தது. இங்கே தூக்கிவந்தோம். "இது ஆர்.எஸ்.வி.ங்கிற கிருமி. பார்க்க ஃப்ளூ மாதிரியேதான் இருக்கும். இப்படி இன்னும் எத்தனையோ கிருமி இருக்கு. பெரிய பசங்களுக்குச் சாதாரண சளியோட போயிடும், கைக்குழந்தைக்கு நெஞ்சுல இறங்கிடும்" என்றார் மருத்துவர். தம்பி இப்போது ஆக்சிஜனில் இருக்கிறான். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கிறேன் ஐயா.

4. பேருந்துகளைப் பரிசோதித்துக் கையெழுத்திடுவது என் வேலை. பிரேக்கை மட்டும் பார்த்துவிட்டு 'வண்டி முழுக்கச் சரி' என்று நான் எழுதினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊழியரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. கையில் கொடுத்த முத்திரையை அவர் குத்தினார், அவ்வளவுதான். அந்த முத்திரையை மாற்றுங்கள். 'ஃப்ளூ மட்டும் சோதிக்கப்பட்டது. சளி நிற்கும்வரை கைக்குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்கவும்' என்று இருந்திருந்தால் எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

5. வாலு இப்போது அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். கைப்பேசியில் தம்பியைக் காட்டினால்கூட இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சைப் பிடிக்கிறாள். முகம் சிவந்து போகிறது. "நான்தானேப்பா தம்பிக்குக் குடுத்தேன்?" என்கிறாள். இல்லடி தங்கம் என்று எத்தனை முறை சொன்னாலும், "நீங்க சும்மா சொல்றீங்க. சீல் குத்தினவங்க சொல்லட்டும்" என்கிறாள்.

ஆகவே ஐயா, முத்திரையை மாற்ற உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இம்மனுவுக்கான பதிலை எனக்கு அனுப்பத் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறேன். அவள் மீது தவறில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி, அடியில் வட்ட முத்திரை வைத்து, என் மகளுக்கு உடனே அனுப்பிவையுங்கள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. முத்திரையை அடையாளம் தெரியும்.

தேதி: ஜனவரி 22
இடம்: குழந்தைகள் வார்டு வாசல்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
வாலுவின் அப்பா

இணைப்பு: 'நோய்த்தொற்று இல்லை' சான்றின் நகல். அசலை மகள் தர மறுக்கிறாள்.